டாக்டர் சீட்டு லேகியம்

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு டாக்டரின் பின்னால் மாதக்கணக்கில் அலைந்து, அவர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எலிக்குத் தீனி போட வேண்டும். இப்படிச் செய்த காரியங்களைப் பதினைந்துக்கு மிகாமல் பட்டியல் போட்டு, 'நான் ஏன் டாக்டராக வேண்டும்' என்று 5,300 எழுத்துக்குள் ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். அப்புறம் நேர்காணல் வேறு. விண்ணப்பத்தை வலுப்படுத்துவது என்றால் அந்த ஊரில் இதுதான்.

எலிக்குத் தீனி போட்டால் சீட்டா? நம் புதுச்சேரிக்காரர் கேட்டால் சிரிப்பார். எலி கடித்த பழைய பத்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா, அதற்குக் கிடைக்கும்.

நம் விண்ணப்பத்தில் 'ஏன் டாக்டராக வேண்டும்' என்றொரு கட்டமே கிடையாது. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? நம்மவர்கள் கேட்பது வேறு. அப்பா எந்த ஊர்? எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? என்ன சாதி? அந்தச் சாதி இந்த ஊரில் எந்தப் பட்டியல்? புதுச்சேரியா, காரைக்காலா, மாஹேயா, ஏனாமா? சிறுபான்மையா? தியாகி வாரிசா? முன்னாள் ராணுவத்தினர் பிள்ளையா? வெளிநாட்டில் யாராவது உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு கவுன்டர், ஒவ்வொரு கவுன்டருக்கும் வெளியே ஒரு புரோக்கர். ஆகவே வலுவாக வேண்டியது பிள்ளை அல்ல, காகிதம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நரம்புத் தளர்ச்சிக்கு விற்கிற லேகியம்போல, இந்தக் காகிதத்துக்கும் ஊரில் லேகியம் உண்டு. சேர்மானம் தெரிந்தவர்கள் கிண்டிக்கொள்கிறார்கள். தெரியாதவன் பிள்ளை மூன்றாவது முறையாக நீட் எழுதப் போகிறது.

முதலில் மார்க் விஷயத்தை முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். 'நீட்' வந்தபோது இனிமேல் தகுதி மட்டும்தான், பணத்துக்கு வேலையில்லை என்று டெல்லியிலிருந்து சொன்னார்கள். தகுதி எவ்வளவு? 2023இல் பொதுப் பிரிவுக்கு 720க்கு 137. எழுத வேண்டிய கேள்வி 180, ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க். 35 கேள்விக்குச் சரியாக விடை போட்டுவிட்டு, மிச்சம் 145 கேள்வியைத் தொடாமல் சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தால் 140. தகுதி வந்துவிட்டது. இதற்கு ஐம்பது 'பர்சன்டைல்' என்று பெயர் வைத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கேட்பவன் ஐம்பது சதவீதம் என்று நினைத்துக்கொள்வான். எழுதியவர்களில் பாதிப் பேர் எந்த மார்க்குக்குக் கீழே நிற்கிறார்களோ அந்த மார்க், அவ்வளவுதான் பொருள். அந்த ஆண்டு நாடு முழுக்கத் தகுதி பெற்றவர்கள் பதினோரு லட்சத்துக்கு மேல். இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம்.

பத்துப் பேருக்கு ஒரு நாற்காலி. யார் உட்காருவது? மார்க் வரிசையில்தான் கூப்பிடுகிறார்கள், அதில் பொய் இல்லை. நல்ல மார்க் எடுத்த வில்லியனூர்ப் பெண்ணையும் கூப்பிடுவார்கள். 'இந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது, ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல், எடுத்துக்கொள்கிறாயா அம்மா?' என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். நான்கரை வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கோடியைத் தொடும். அப்பா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அந்தப் பெண் 'வேண்டாம் சார்' என்று சொல்லும். அந்த 'வேண்டாம்' அடுத்தவருக்குப் போகும், அவரும் 'வேண்டாம்'. நாற்காலி இப்படியே படிப்படியாக இறங்கி இறங்கி, 'வேண்டும்' என்று சொல்ல வசதியுள்ள 140 மார்க்கிடம் வந்து சேரும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாம் சட்டப்படி. இதன் பெயர் தகுதி. மேற்படிப்புக்கு இன்னும் தாராளம்: 2023இல் முதுநிலை நீட்டுக்குத் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய பர்சன்டைல் ஆக்கினார்கள். 800க்கு மைனஸ் 40 எடுத்தவரும் தகுதியுள்ளவர். தேர்வு எழுத வந்ததே தகுதி என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், தேர்வுச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

இனி லேகியத்துக்கு வருவோம்.

சேர்மானத்தில் முதலாவது இருப்பிடம். புதுச்சேரி விசித்திரமான ஊர். கோரிமேட்டில் ஜிப்மர் மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் பட்டானூர், அது விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் தெரியாமலே கோட்டக்குப்பத்தில் நிற்பீர்கள், அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுப் பிய்த்துக்கொண்ட எல்லை, நேராகவா இருக்கும்? இந்தக் கோணல் எல்லையைத் தாண்டி ஒரு காலத்தில் சரக்குக்கு வந்தார்கள், பெட்ரோல் போட வந்தார்கள். இப்போது சீட்டுக்கு வருகிறார்கள். பன்னிரண்டரை லட்சம் ஜனம் உள்ள ஊரைச் சுற்றி ஜிப்மர், கதிர்காமத்தில் 2010இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, தனியாரில் மூன்று, நிகர்நிலையில் நான்கு என்று குவிந்து கிடந்தால் வராமல் இருப்பார்களா?

வருவதற்குத் தேவை ஒரு குடியிருப்புச் சான்றிதழ். ரெயின்போ நகர் பக்கம் ஒரு மாடி போர்ஷனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழாவது முடித்த கையோடு அது வாடகைக்குப் பிடிக்கப்படுகிறது. வாசலில் அப்பா பெயரில் போர்டு. உள்ளே ஒரு கட்டில், பருப்பு வேகாத ஒரு கேஸ் அடுப்பு, போன வருடத்துக் காலண்டர். மாதம் ஒருமுறை யாராவது வந்து ஒரு பல்பை எரியவிட்டுப் போகிறார்கள், மின்சார பில் பூஜ்யமாக வந்துவிடக் கூடாதே! ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், பில். ஐந்து வருடம் குடியிருந்ததற்கு வேண்டிய தடயம் எல்லாம் தயார், குடியிருந்த மனிதர் மட்டும்தான் இல்லை.

"பையன் எவ்வளவு?"

"நானூத்திப் பத்துண்ணே."

"மார்க்கை விடுங்க. பேப்பர் எவ்வளவு ஸ்ட்ராங்கு?"

"தமிழ்நாட்டு நேட்டிவிட்டி இருக்கு. இங்கயும் எடுத்துட்டோம்."

"அப்ப ரெண்டு ஊர்லயும் போடுங்க. எது முன்னாடி வருதோ அது நம்ம ஊரு."

எந்த ஊர் சீட்டு கொடுக்கிறதோ அதுவே சொந்த ஊர். இரட்டை இருப்பிடம் என்று இங்குள்ள பெற்றோர் சங்கங்கள் வருடா வருடம் புகார் கொடுக்கின்றன. தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியலையும் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர், ஒரே நீட் எண் என்று கோடு போட்டுக் காட்டுகின்றன. ஜிப்மரில் புதுச்சேரிக்காரர்களுக்கான உள் ஒதுக்கீட்டிலும் இதே கூத்து நடந்து, போராட்டம் வரை போனது. கோடு போட்டுக் கண்டுபிடிப்பவர் யார் பாருங்கள்: சம்பளம் வாங்காத தகப்பன்மார். அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த எண் கண்ணில் படுவதில்லை. ஆதார் இருக்கிறது, நீட் பதிவெண் இருக்கிறது, இரண்டு அரசுக்கும் நடுவே ஒரு இணையக் கம்பி இழுப்பதற்கு எந்த ஆட்சிக்கும் நேரம் வரவில்லை. ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா என்று பார்த்து இலவச அரிசியை நிறுத்துவதற்கு மட்டும் நுணுக்கமான கண் இருக்கிறது.

கோட்டக்குப்பத்தில் வீடு, முத்தியால்பேட்டையில் கடை, பிள்ளை படித்தது புதுச்சேரிப் பள்ளி என்று நிஜமாகவே இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் தாலுக்கா ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய நிற்கிறார்கள். பல்பு மட்டும் குடியிருக்கும் வீட்டுக்காரருக்குத்தான் சான்றிதழ் சுருக்கக் கிடைக்கிறது.

இந்த ஊருக்கு ஊர் மாறுவதும் பெயர் மாறுவதும் புதிதல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணையின்படி, தங்கள் சாதிச் சமயச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பிய தமிழர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஏதாவது ஒன்றை அவர்கள் விட்டார்கள், அதையும் ஊரறிய விட்டார்கள். இன்றைய கனவான்கள் எதையும் துறப்பதில்லை. விழுப்புரத்தில் நிலம் இருக்கும், சென்னையில் பிளாட் இருக்கும், புதுச்சேரியில் பல்பு இருக்கும்.

அடுத்தது பூர்வீகம். இது ஏழைக்கு மட்டும் கேட்கப்படுகிற கேள்வி. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதியினர் ஆணை 1964 மார்ச் 5 தேதியிட்டது. அதை வைத்துக்கொண்டு, இங்கேயே பல தலைமுறையாக இருந்த தலித் வேறு, பிற்பாடு கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்த தலித் வேறு என்று பிரித்து, இது 'பூர்வீகம்', அது 'குடிபெயர்ந்தது' என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போனது. கொத்தனார் வேலைக்கு வந்த தாத்தா பேருந்தில் ஏறியது எந்தத் தேதி என்று பேரன் நிரூபிக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் குடிபெயர்ந்தால் குற்றம். அதுவே உங்கள் பெரியப்பா துபாய்க்குக் குடிபெயர்ந்திருந்தால்? அது குற்றமில்லை, தகுதி! தனியாக ஒரு ஒதுக்கீடே வைத்திருக்கிறார்கள்.

அதுதான் லேகியத்தின் குங்குமப்பூ: என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு.

2005இல் இனாம்தார் வழக்கில், தனியார் கல்லூரிகள் 15 சதவீத இடங்களை வெளிநாடுவாழ் இந்தியருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு நிபந்தனை சொன்னது. உண்மையான வெளிநாடுவாழ் இந்தியரின் பிள்ளைகளுக்கே தர வேண்டும், அந்தப் பணத்தை வைத்து ஏழை மாணவர்களுக்கு உதவ வேண்டும். இருபது வருடம் ஆகிறது. அந்தப் பணத்தில் படித்து டாக்டரான ஏழை யாராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா? நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருக்க வேண்டாம். அப்பா வெளிநாட்டில் இருக்க வேண்டாம். ஒரு 'ஸ்பான்சர்' போதும். சித்தப்பா, அத்தை, மாமா, பாட்டி, ஒன்றுவிட்ட அண்ணன், யாராவது ஒருவர் விமானம் ஏறியிருந்தால் சரி. பஞ்சாப் அரசு 2024இல் இந்த உறவு வட்டத்தை இப்படித்தான் விரித்தது. அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. மேல்முறையீட்டுக்குப் போனபோது, இது மோசடி, பணம் பண்ணும் இயந்திரம் என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியது. 2024 செப்டம்பர் 24.

அதே ஆண்டு நம் ஊரில் என்ன நடந்தது? நமக்கு அத்தை சித்தப்பா கூட வேண்டியிருக்கவில்லை. சென்டாக்கில் என்.ஆர்.ஐ. இடத்துக்கு வந்த விண்ணப்பங்களோடு இருந்த தூதரகக் கடிதங்களைத் தூதரகங்களுக்கே அனுப்பிக் கேட்டார்கள். 'நாங்கள் கொடுக்கவில்லை' என்று பதில் வந்தது. ஒன்று இரண்டு இல்லை, பல விண்ணப்பங்கள். சென்டாக் புகார் கொடுத்து, லாஸ்பேட்டை போலீசில் வழக்கானது, ஏஜெண்டுகள் பிடிபட்டார்கள். வெளிநாட்டில் ஒரு சொந்தத்தைத் தேடிப் பிடிப்பதற்குக் கூடப் பொறுமையில்லாமல் சொந்தத்தையே அச்சடித்திருக்கிறார்கள். ரத்த பந்தம் லேசர் பிரிண்டரில் வருகிற காலம்.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. நீட் தேர்வுக் கூடத்து வாசலை நினைத்துப் பாருங்கள். கம்மலைக் கழற்று. தலைக் கிளிப்பை எடு. துப்பட்டா கூடாது. 2017இல் முழுக்கைச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கேரளத்தில் ஒரு மாணவியின் உள்ளாடையில் உலோகக் கொக்கி இருக்கிறது என்று கழற்றச் சொன்னார்கள். பதினேழு வயதுப் பெண்ணின் கொண்டை ஊசியில் கள்ளத்தனம் ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்படத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தூதரக முத்திரையில் ஒளிந்திருக்கும் என்று தோன்ற இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. கொண்டை ஊசியின் விலை இரண்டு ரூபாய், முத்திரையின் விலை பல லட்சம். சந்தேகம் எப்போதும் மலிவான பக்கம்தான் பாய்கிறது.

அவ்வளவு சோதனை போட்டும் 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் என்ன கண்டுபிடித்தார்கள்? சேர்ந்த மாணவர் முகமும் நீட் எழுதியவர் முகமும் வேறு வேறு. மும்பையில் வேறொருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தார். சி.பி.சி.ஐ.டி. தோண்டத் தோண்ட இன்னும் சிலர் வந்தார்கள். கம்மலைக் கழற்றியவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் நிஜமான வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி ஒப்படைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளை எல்லோருக்கும் தெரியும். அந்த சொல்தாவின் பேரன் முத்தியால்பேட்டையில் பிறந்து, இங்கேயே படித்து, கையில் நூற்றுக்கு நூறு அசல் பாஸ்போர்ட்டோடும் 2021 மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய ஓ.சி.ஐ. அட்டையோடும் வந்தால், அந்த மார்ச்சில் உள்துறை அமைச்சகம் போட்ட அறிவிக்கையைக் காட்டுவார்கள்: இந்தியக் குடிமக்களுக்கான இடம் உனக்கில்லை, என்.ஆர்.ஐ. வரிசையில் போய் நில். அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றிருப்பவர் யார்? பிரிண்டரில் பிறந்த சித்தப்பாவின் மகன்.

இவ்வளவு நேரம் பெற்றோரையும் புரோக்கரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரிகள் மட்டும் சும்மாவா?

மருத்துவக் கல்லூரியும் டெல்லிக்கு விண்ணப்பம் போட்டுத்தான் இடங்களை வாங்குகிறது. அதுவும் தன் விண்ணப்பத்தை வலுப்படுத்துகிறது. ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று வாடகைக்கு டாக்டர்கள், கட்டிலில் படுக்க வாடகைக்கு நோயாளிகள். 2010 ஏப்ரலில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவர் கேதன் தேசாயையே சி.பி.ஐ. கைது செய்தது, ஒரு கல்லூரிக்கு அனுமதி தர லஞ்சம் வாங்கினார் என்று. கவுன்சிலைக் கலைத்தார்கள், ஆணையம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2025 ஜூன் கடைசியில் சி.பி.ஐ. மறுபடி ஒரு வழக்குப் போட்டது: சுகாதார அமைச்சக அதிகாரிகள், ஆணையத்துக்காக ஆய்வுக்குப் போன டாக்டர்கள், கல்லூரி நிர்வாகிகள் என்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல். குற்றச்சாட்டு அதேதான்: இல்லாத ஆசிரியர், போலி நோயாளி, முன்கூட்டியே கசிந்த ஆய்வுத் தேதி. இல்லாத வாத்தியாரை வைத்து அனுமதி வாங்கிய இடத்தில், இல்லாத சித்தப்பாவை வைத்துப் பிள்ளை சேர்ந்தால், அது என்ன தப்பு? குருவுக்கேற்ற சிஷ்யன்.

புதுச்சேரிக்கே வருவோம். 2016-17இல் இங்குள்ள ஏழு தனியார் கல்லூரிகள் சென்டாக்கைச் சட்டை செய்யாமல் எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டன என்று சொல்லி, எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது மருத்துவக் கவுன்சில். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. வெளியேற்றச் சொன்னது யாரை என்று கவனியுங்கள்: மாணவர்களை. பணம் கட்டிய அப்பன் நடுங்கினான். பணம் வாங்கிய கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 2017இல் முதுநிலை இடங்களுக்கு சென்டாக் அனுப்பிய மாணவர்களைத் தனியார் கல்லூரிகள் வாசலில் நிறுத்தின. அரசு நிர்ணயித்த கட்டணம் போதாதாம். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சென்டாக் அலுவலகத்துக்கே போய் நின்று சத்தம் போட்டார். சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, அதிகாரிகள் பெயரும் அடிபட்டது. அன்றைக்கு ஆளுங்கட்சி ஒருவிதம், ஆளுநர் ஒருவிதம், தினம் ஒரு அறிக்கை. ஊரே அந்தக் குஸ்தியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களை அரசுக்கு வாங்குவது என்ற பழைய கோரிக்கை மெதுவாகப் பின்வாசல் வழியே வெளியே போனது. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கிறதோ அது ஐம்பது சதவீதம் கேட்கும். ஆளுங்கட்சி ஆனதும் அதே கட்சி கல்லூரி முதலாளிகளுடன் 'பேச்சுவார்த்தை' நடத்தும். பேச்சுவார்த்தையில் காபி கொடுப்பார்கள். இடம் கொடுப்பதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளையின் கோப்பு எப்படி நகர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் தமிழ்நாடு தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. அதே ஆண்டு அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவை இங்கே பத்து சதவீதம் என்று முடிவெடுத்தது. கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகைக்குப் போனது. அங்கிருந்து டெல்லிக்குப் போனது. டெல்லியில் தூங்கியது. கிரண் பேடி போனார், தமிழிசை வந்தார், நாராயணசாமி ஆட்சி கவிழ்ந்தது, ரங்கசாமி வந்தார். தமிழிசை டாக்டர். கடைசியில் 2023இல்தான் உள்துறை அமைச்சகம் தலையாட்டியது. நடுவில் பன்னிரண்டாவது முடித்துப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வருடங்களை எந்த தாசில்தார் திருப்பிக் கொடுப்பார்? மூன்று வருடமாக ஒரு நியாயமான கோப்பு நகரவில்லை. போலித் தூதரகக் கடிதத்துக்கு அவ்வளவு நாள் பிடிக்கவில்லை.

பிறகு இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். நீட் சி.பி.எஸ்.இ. பாடத்தில் வருகிறது, ஆகவே புதுச்சேரி அரசுப் பள்ளிகள் எல்லாம் சி.பி.எஸ்.இ. என்று 2024-25க்குள் முழுசாக மாற்றினார்கள். இதுவரை தமிழ்நாட்டுப் பாடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரே இரவில் டெல்லிப் பாடத்துக்கு மாறியது. வாத்தியார் அதே வாத்தியார், ஆய்வுக்கூடம் அதே பூட்டு. பாடப்புத்தகத்தின் அட்டை மட்டும் வலுவானது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவன்தான் ஜெயிக்கிறான் என்று தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தது. நீட் வந்த முதல் ஆண்டிலேயே தமிழ்வழிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட துடைத்தெறியப்பட்டார்கள் என்பதும், சேர்கிறவர்களில் பெரும்பகுதி ஒரு வருடம் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து திரும்ப எழுதியவர்கள் என்பதும் அதில் இருக்கிறது. அறிக்கையைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள்? புதுச்சேரியில் ஒவ்வொரு மூலையிலும் பேனர் வைத்தார்கள். பாதி தலைவர் பிறந்த நாளுக்கு, மீதி நீட் பயிற்சி மையத்துக்கு. இரண்டிலும் சிரிக்கிற முகங்கள்.

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி திறந்தார்கள். 1956இல் அது இந்திய அரசின் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் கோரிமேட்டுக்குப் போய் ஜிப்மர் ஆனது. இரண்டு நூற்றாண்டாக டாக்டர் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் ஊர் இது, இந்தியாவில் இப்படிச் சொல்லிக்கொள்ள அதிகம் ஊர் கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊரில் சீட்டு வாங்க அடுத்த ஊர்க்காரரின் பல்போடும், அச்சடித்த சித்தப்பாவோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலும் யோக்கியர்கள் மட்டும் இல்லை. 2019இல் பணக்காரப் பெற்றோர் பலர், பந்தைத் தொடாத பிள்ளையை விளையாட்டு வீரன் என்று படம் ஒட்டிப் பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்தது அம்பலமானது. அங்கே கோடீஸ்வர அப்பாக்களும் ஒரு பிரபல நடிகையும் ஜெயிலுக்குப் போனார்கள். இங்கே ஏஜெண்டு போகிறான். அவனிடம் கடிதம் வாங்கிய குடும்பத்தை விசாரித்து, சேர்த்துக்கொண்ட நிர்வாகத்தைக் கேள்வி கேட்டு, பல்பு வீட்டுக்குச் சான்று கொடுத்த அதிகாரியின் கையெழுத்தைத் தேடிப் போகிற வழக்கு நம் ஊரில் எப்போது வரும்?

அதுவரை உங்களால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. சென்டாக் முதலில் வரைவுத் தரவரிசைப் பட்டியல் போடும். ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுக்கும், மிகக் குறைவான நாள்தான். அந்த நாட்களில் உங்கள் தெருவில் நான்கு பேர் உட்காருங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலையும் கேரளப் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். நீட் எண்ணை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே எண் வந்தால் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாரும் நீட் எழுதாவிட்டாலும் செய்யுங்கள். நாளைக்கு உங்கள் வயிற்றைக் கிழிக்கப்போகிறவர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்.